இல்லத் தூய்மையும் நீர்நிலைத் தூய்மையும்

முன்னுரை

தூய்மை மாந்தர் வாழ்வின் அடிப்படை அறங்களுள் ஒன்றாகும். இஸ்லாம் அதனை வழிபாட்டின் தலைவாயிலில் வைத்துள்ளது. உடல், உடை, தொழுமிடம் ஆகிய மூன்றும் தூயனவாக இருந்தாலன்றித் தொழுகை நிறைவுறாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தூய்மையை இறைநம்பிக்கையின் ஒரு பாதியாகவே எடுத்துரைத்துள்ளார்கள். வள்ளுவப் பெருந்தகை, வாய்மை என்னும் அதிகாரத்தில், புறத்தூய்மையை நீருக்கும் அகத்தூய்மையை வாய்மைக்கும் உரியதாக்கிக் காட்டுகிறார். இவ்விரு நெறிகளையும் கற்றுவரும் நாம், நாள்தோறும் பாத்திரம் துலக்குகிறோம், துணி துவைக்கிறோம், தரை கழுவுகிறோம், கழிப்பறையைத் தூய்மை செய்கிறோம். இவ்வாறு கழுவிய நீர் பின்னர் எங்கே செல்கிறது என்னும் வினாவை மட்டும் நம்மில் பலரும் எழுப்புவதில்லை.

அடுப்படித் தொட்டியின் துளை வழியே இறங்கும் நீர் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆயினும் அது சாக்கடையாகி, ஓடையாகி, ஏரியிலோ ஆற்றிலோ கலந்து, மற்றோர் ஊரின் பாசன நீராகவும் கிணற்று நீராகவும் மாறுகிறது. நம் வீட்டின் தூய்மை இன்னொருவர் வீட்டு நீரின் அழுக்காகுமாயின் அதனை முழுமையான தூய்மை எனக் கொள்ளல் இயலுமா? இவ்வினாவை மனத்திற் கொண்டு, வீட்டைத் தூய்மை செய்யப் பயன்படும் பொருள்களின் தன்மை, அவற்றால் நீர்நிலைகளுக்கு நேரும் விளைவு, தீங்கு குறைந்த மாற்று வழிகள் ஆகியவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழுக்கு நீங்கும் முறை

வெறும் நீர் எண்ணெய்ப் பிசுக்கை நீக்காது. நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. இரண்டையும் இணைத்து வைக்கும் ஓர் இடையாள் தேவைப்படுகிறது. சோப்பின் மூலக்கூறு அத்தகைய இடையாளாகும். அதன் தலைப்பகுதி நீரை விரும்பும். வால்பகுதி எண்ணெயை விரும்பும். எண்ணெய்த் துளியை வால்கள் பற்றிக்கொள்ள, தலைகள் நீரை நோக்கி நிற்கும். அதனால் எண்ணெய் சிறுசிறு துளிகளாகப் பிரிந்து நீரோடு அடித்துச் செல்லப்படுகிறது.

எண்ணெயையோ கொழுப்பையோ காரத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கின்றன. சாம்பலால் பிசுக்குப் பாத்திரத்தைத் தேய்க்கும்போது நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட்டு என்னும் காரம் உள்ளது. அது பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெயின் ஒரு பகுதியைச் சோப்பாக மாற்றிவிடுகிறது. எஞ்சியதைச் சாம்பல் துகள் உறிஞ்சிக்கொள்கிறது. நம் மூதாட்டியர் வேதியியல் நூல் கற்றவரல்லர். எனினும் அவர்தம் கைகள் அதன் பயனை அறிந்திருந்தன.

பூந்திக்கொட்டை, சீயக்காய், உசிலை இலையாகிய அரப்பு ஆகியவற்றில் உள்ள சப்போனின் என்னும் பொருளும் இவ்வாறே செயற்படுகிறது. அதன் சர்க்கரைப் பகுதி நீரை நாடும். மற்றப் பகுதி எண்ணெயை நாடும். உப்புத்தன்மை மிகுந்த கடினநீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரள்வதை நாம் அறிவோம். நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றோடு சோப்பு இணைந்து கரையாத படிவாகிவிடுவதே அதற்குக் காரணம். சப்போனின் அவ்வாறு திரளுவதில்லை. கடினநீர்க் கிணறுகள் மிகுந்த நம் ஊர்களில் பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நெடுங்காலம் நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மரபில் தூய்மைப் பொருள்கள்

சங்க இலக்கியம் இத்துறையில் நமக்கு நல்லதொரு சான்றை வைத்துள்ளது. புறநானூற்றின் 311ஆம் பாடலில், களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரைக்கொண்டு நாள்தோறும் வெளுக்கப்பட்ட தூய வெள்ளாடை பேசப்படுகிறது. வேளாண்மைக்கு உதவாத களர் நிலத்தை வெளுப்பதற்குத் தேர்ந்த காரணம் யாது? களர் மண்ணில் சோடியம் கார்பனேட்டு முதலிய காரப்பொருள்கள் மிகுந்துள்ளன. அவை ஊறிய நீர் அழுக்கை எளிதில் அகற்றும். பிற்காலத்தில் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணில் துணியைத் தோய்த்து வெள்ளாவி வைத்ததும் இவ்வறிவின் தொடர்ச்சியாகும். நெடுங்காலமாகக் கைம்மாறியும் எழுத்தில் ஏறாமலும் வந்த தொழிலறிவு இது. இதனைக் காத்து வந்தோர் சமூகத்தால் தாழ்த்தி வைக்கப்பட்ட உழைப்பாளிகள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அரபு நாட்டாரும் இத்துறையில் சிறந்து விளங்கினர். காரத்தைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் ‘ஆல்கலி’ என்னும் அறிவியற் சொல், ‘அல்கலீ’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்ததாகும். உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலை அச்சொல் குறித்தது. அச்சாம்பற் காரத்தையும் ஒலிவ எண்ணெயையும் கொண்டு பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரிலும், ஒலிவ எண்ணெயோடு நறுமணமுடைய லாரல் எண்ணெயைச் சேர்த்துச் சிரியாவின் ஹலப் நகரிலும் செய்யப்பட்ட சோப்பு பல நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்றது. இவ்விரு நகரங்களின் சோப்புத் தொழில் மரபையும் யுனெஸ்கோ நிறுவனம் 2024ஆம் ஆண்டில் மனித குலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. போரும் துயரும் சூழ்ந்த மண்ணிலும் அத்தொழில் அழியாது நிற்பது நம் நெஞ்சை நெகிழச் செய்கிறது.

நம் சமயச் சடங்குகளிலேயே இத்தகைய தூய்மைப் பொருள் ஒன்று இடம்பெற்றுள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருமகளார் மறைந்தபோது, நீராலும் இலந்தை இலையாலும் குளிப்பாட்டுமாறும், இறுதியில் கற்பூரம் சேர்க்குமாறும் பணித்த செய்தியை உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளிலும் இது இடம்பெற்றுள்ளது. அரபு நாட்டின் ‘சித்ர்’ மரமும் நம் நாட்டு இலந்தையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. சித்ர் இலையிலும் நுரைக்கும் சப்போனின் உள்ளது; அரபு மக்கள் அதனைத் தலை முழுகவும் பயன்படுத்தினர். இறுதிப் பயணத்திற்குரிய நீராட்டில் இலந்தை இலையைக் கசக்கி நீரில் கலக்கும் நம் பெரியோர், அதனை ஒரு மரபாக மட்டுமே கருதியிருக்கலாம். அதனுள் அடங்கிய அறிவியலும் எண்ணத்தக்கது.

நாய் வாய்வைத்த பாத்திரத்தைப் பலமுறை நீரால் கழுவுவதோடு ஒருமுறை மண்ணாலும் துலக்க வேண்டுமென்பது நபிமொழி. நீர் கிடைக்காதபோது தயம்மும் செய்யவும் மண்ணே உதவுகிறது. மண்ணை அழுக்கென ஒதுக்காது தூய்மை தரும் பொருளாகக் காணும் பார்வை இந்நெறியில் உள்ளது. செம்பும் பித்தளையும் துலக்க நாம் பயன்படுத்தும் புளிக்கும் அரபு மொழித் தொடர்பு உண்டு. ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என அரபியர் வழங்கிய பெயரே மேலைமொழிகளில் புளியின் பெயராயிற்று. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பாத்திரத்தின் மீது படிந்த ஆக்சைடு படலத்தைக் கரைப்பதால் செம்பு பளபளக்கிறது.

புதுப் பொருள்களின் வரவு

முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதனால் கொழுப்பின்றிச் செய்யும் செயற்கைச் சலவைப் பொருள்களை அந்நாட்டார் தேடினர். இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1946இல் அமெரிக்காவில் ‘டைடு’ என்னும் சலவைத்தூள் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 1959இல் ‘சர்ஃப்’ அறிமுகமாயிற்று. 1969இல் அகமதாபாத்தில் தொடங்கிய ‘நிர்மா’, குறைந்த விலையால் எளிய மக்களின் வீடுகளையும் அடைந்தது. கடினநீரிலும் நுரைக்கும் இப்பொருள்கள் பெண்களின் உழைப்பைப் பெரிதும் குறைத்தன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லில் அடித்துத் துவைத்த கைகளின் வலியை எண்ணாமல் பழமையைப் போற்றுவது நேர்மையாகாது.

எனினும் இரு பெரும் இடர்கள் இவற்றோடு வந்தன. முதலாவது, நுரை நீங்காமை. தொடக்கக் காலச் சலவைத்தூள்களில் கிளைத்த சங்கிலி அமைப்புடைய மூலக்கூறுகள் இருந்தன. நுண்ணுயிர்களால் அவற்றைச் சிதைக்க முடியவில்லை. 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் எழுந்தது. 1960களின் நடுப்பகுதியில் அந்நாடுகள் நுண்ணுயிர்கள் சிதைக்கக்கூடிய நேர்ச்சங்கிலிப் பொருளுக்கு மாறின. இன்று நாம் வாங்கும் பெரும்பாலான சலவைத்தூள்களிலும் உள்ளது இவ்வகையே. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். இப்பொருள் சிதைவதற்கு உயிர்வளி வேண்டும். காற்றுப் புகாத தேங்கிய சாக்கடையில் அது எளிதில் சிதைவதில்லை. ஆகவே, சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் ஏரியிற் சேரும் ஊர்களில் நுரையும் உடன் சேர்கிறது.

இரண்டாவது இடர் பாஸ்பேட்டு. நீரின் கடினத்தன்மையைத் தணிக்கச் சலவைத்தூளில் சேர்க்கப்படும் இப்பொருள் நீர்த்தாவரங்களுக்குச் சிறந்த உரமாகும். உரம் பெற்ற பாசி ஏரி முழுவதும் படர்கிறது. ஆகாயத்தாமரை அடர்ந்து மூடுகிறது. பின்னர் அவை மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளி தீர்ந்துபோகிறது. மீன்கள் மூச்சுத்திணறி மடிகின்றன. 1960களில் வட அமெரிக்காவின் ஈரி ஏரிக்கு இந்நிலை நேர்ந்தது. 1972இல் அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளின் நீர்த்தரம் காக்க உடன்பாடு செய்துகொண்டு பாஸ்பேட்டைக் குறைத்தன. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவைத்தூள்களில் பாஸ்பேட்டுக்கு 2013ஆம் ஆண்டு முதல் கடுங்கட்டுப்பாடு விதித்தது. ஏரிகளில் சேரும் பாஸ்பேட்டு முழுவதும் சலவைத்தூளால் வருவதன்று. மலக்கழிவும் வயல் உரமும் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆயினும் நம் கையால் குறைக்கக்கூடிய பங்கு சலவைத்தூளில் உள்ளது.

நுரை வந்த வழி

தொலைநாட்டு ஏரிகளைப் பற்றிய செய்தி என இதனைத் தள்ளிவிடல் ஆகாது. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் 2015ஆம் ஆண்டில் வெண்ணுரை பொங்கிச் சாலையில் பறந்ததை நாடே வியப்போடும் அச்சத்தோடும் கண்டது. 2017 பிப்ரவரியில் அவ்வேரி தீப்பற்றிப் புகைந்தது. நீர்நிலையில் தீ மூண்ட அக்காட்சி, மனிதன் இயற்கைக்குச் செய்த கேட்டின் உச்சம் எனலாம். நகரின் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் அதிலிருந்த சலவைப் பொருள்களும் அந்நுரைக்கு முதன்மைக் காரணங்களாயின.

பெல்லந்தூர் ஏரியின் நீர் வர்த்தூர் ஏரிக்குச் செல்கிறது. அங்கிருந்து தென்பெண்ணையாற்றில் கலக்கிறது. தென்பெண்ணை தமிழகத்தினுள் நுழைந்ததும் ஒசூர் அருகேயுள்ள கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அவ்வணையின் மதகுகளில் வெண்ணுரை பொங்கி வழிந்ததையும், நுரை வயல்களின் மேல் படிந்ததையும் நாளிதழ்கள் பலமுறை படங்களுடன் வெளியிட்டுள்ளன. ஆலைக் கழிவும் இதிற் சேர்ந்துள்ளது என்பது உண்மையே. ஆயினும் வீடுகளின் துவைநீரும் உடன் வருகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் வழியே சென்று வங்கக் கடலிற் கலக்கும் அவ்வாற்றை நம்பி வாழும் உழவர் எத்தனை பேர்! மேட்டில் ஒருவர் துவைத்த துணியின் நுரை பள்ளத்தில் மற்றொருவர் நெற்பயிரின் மேல் படிகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். அறியாதவர்க்கு இழைக்கும் தீங்கும் தீங்கே அன்றோ?

இஸ்லாமியச் சட்ட நூல்கள் நீரின் தூய்மையை ஆராயும்போது நிறம், சுவை, மணம் என்னும் மூன்று அடையாளங்களைக் கூறுகின்றன. அழுக்கால் இம்மூன்றில் ஒன்று மாறினும் நீர் தூய்மை செய்யும் தகுதியை இழக்கிறது. இவ்வளவுகோலை நம் ஊர் ஏரிக்கும் வைத்துப் பார்த்தல் வேண்டும். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நீர்த்துறையையும், மக்கள் நடக்கும் வழியையும், அவர்கள் ஒதுங்கும் நிழலையும் அசுத்தம் செய்வது சாபத்திற்குரிய செயலென எச்சரித்தார்கள். பிறருக்குத் தீங்கிழைத்தல் கூடாதென்னும் நெறி, சட்ட அறிஞர்கள் போற்றும் அடிப்படை விதிகளுள் ஒன்று. குழாய் வழியே கண்மறைவாகச் செல்லும் கழிவுநீருக்கு மட்டும் இவ்விதிகள் பொருந்தா எனக் கூறுதல் இயலாது என்பது எம் துணிபு.

இல்லத்தில் செய்யத்தக்கன

இவ்விடரை முற்றும் தீர்ப்பது கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டிய அரசுகளின் கடமை. அது நிறைவேறும் வரையில் நாம் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. எளிய சில வழிகளைக் கீழே தருகிறோம்.

முதலாவதாக, பாத்திரம். சாப்பிட்ட தட்டிலும் வாணலியிலும் ஒட்டிய எண்ணெயைக் கழுவுமுன் பழந்தாளாலோ சாம்பலாலோ துடைத்தெடுத்தல் வேண்டும். பாதிப் பிசுக்கு அதனாலேயே நீங்கிவிடும், சாக்கடையும் அடைபடாது. பின்னர்த் தேங்காய் நாரோ பீர்க்கங்கூடோ கொண்டு துலக்கலாம். செயற்கைப் பஞ்சிலிருந்து உதிரும் நெகிழித் துகள்கள் நீரிற் கலப்பதும் இதனால் தவிர்க்கப்படும். அரிசி களைந்த கழுநீரும் பிசுக்ககற்ற உதவும்.

இரண்டாவதாக, துணி. விதை நீக்கிய பூந்திக்கொட்டைத் தோல் பத்துப் பன்னிரண்டை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் கால் மணி நேரம் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்டினால் சலவைநீர் கிடைக்கும். பட்டு, கம்பளி, வண்ணத் துணிகளுக்கு இது மிகவும் ஏற்றது. நகைகளையும் இதனால் துலக்குவர். இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருந்தால் புளித்துவிடும். கண்ணிற் பட்டால் எரிச்சல் தரும். வெள்ளைத் துணியில் சற்றே பழுப்பேறக் கூடுமாதலால், வெள்ளைக்குச் சலவைச் சோடாவும் சாதாரணச் சலவைச் சோப்பும் வெயிலுமே சிறந்தவை. வெயில் செலவின்றி வெளுக்கும்; கிருமியையும் அழிக்கும்.

மூன்றாவதாக, தரையும் கழிப்பறையும். உப்புநீர்க் கறை படிந்த குழாய், ஓடு முதலியவற்றுக்கு எலுமிச்சைச் சாறோ, சிர்கா எனப்படும் காடியோ போதும். சிட்ரிக், அசெட்டிக் அமிலங்கள் கறையாகப் படிந்த கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கின்றன. ஆனால் சலவைக்கல் தரையில் இவற்றைப் பயன்படுத்தலாகாது. அக்கல்லும் கால்சியம் கார்பனேட்டே ஆதலின் அரிக்கப்படும். சமையல் மேடையின் பிசுக்குக்கும் துர்நாற்றத்திற்கும் ஆப்பச்சோடா தூவி ஈரத்துணியால் துடைக்கலாம். பழத்தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, நீர் பத்துப் பங்கு எனச் சேர்த்து மூன்று திங்கள் நொதிக்கவைக்கும் முறை இன்று பரவி வருகிறது. நொதிக்கும்போது வளி வெளிப்படுமாதலால் மூடியை அவ்வப்போது தளர்த்திவிட வேண்டும். கிடைப்பது மென்மையான புளிப்பு நீர்; தரை துடைக்க ஏற்றது. அதற்கு மேல் அற்புதங்களை அதற்கு ஏற்றிக் கூறுவது தேவையற்றது.

கலத்தலாகாதன

நல்லெண்ணத்தால் நேரும் பிழைகள் சிலவற்றையும் சுட்ட வேண்டும். ஆப்பச்சோடாவையும் சிர்காவையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கி எழும் நுரையைக் கண்டு பலர் மகிழ்கின்றனர். காரமும் அமிலமும் ஒன்றையொன்று அழித்து உப்புநீராக எஞ்சும். தூய்மை செய்யும் ஆற்றல் குறைந்துவிடும். தனித்தனியே பயன்படுத்துவதே முறை. அவ்வாறே சோப்புநீரில் சிர்காவைச் சேர்த்தால் சோப்பு திரிந்துபோகும்.

இவை வீண் செலவு மட்டுமே. உயிருக்கே கேடு தரும் கலவை வேறு உண்டு. பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை அமிலத்தைச் சேர்த்தால் குளோரின் என்னும் நச்சுவளி வெளிப்படும். சிர்காவும் எலுமிச்சையும் அமிலங்களே ஆதலின் அவற்றையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தல் ஆகாது. அம்மோனியா கலந்த தூய்மைநீரோடு சேர்ந்தாலும் நச்சுவளி எழும். காற்றோட்டமற்ற சிறு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கழுவுவோர்க்கு இது பேராபத்து. வீட்டில் இப்பணியைச் செய்யும் தாய்மாரும் பணிப்பெண்களும் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது. படித்த பிள்ளைகள் வீட்டிலுள்ளோர்க்கு முதலில் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி இதுவே என வற்புறுத்துகிறோம்.

பிளீச்சிங் பவுடர் முழுவதும் விலக்கத்தக்கது எனக் கூறுவதும் எம் கருத்தன்று. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கும், வயிற்றுப்போக்கு நோயாளி இருக்கும் வீட்டுக்கும் அது தேவை. தேவையான இடத்தில் தேவையான அளவு பயன்படுத்துவதே அறிவுடைமை. அதுபோலவே, கை கழுவச் சாதாரணச் சோப்பை விடச் சிறந்த பொருள் வேண்டுவதில்லை. கிருமிநாசினி சேர்ந்தது என விளம்பரம் செய்யப்பட்ட டிரைக்ளோசான் என்னும் பொருளையும் வேறு 18 பொருள்களையும் கை கழுவும் சோப்புகளில் சேர்ப்பதற்கு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2016இல் தடை விதித்தது. வெறும் சோப்பும் நீரும் தருவதை விட மிகுதியான நன்மை அவற்றால் உண்டென உற்பத்தியாளர்கள் மெய்ப்பிக்கவில்லை என்பதே அதன் காரணம்.

இயற்கை என்னும் பெயரும் வாய்மையும்

இன்று கடைகளில் ‘இயற்கை’, ‘பசுமை’, ‘மூலிகை’ எனப் பெயர் பொறித்த தூய்மைப் பொருள்கள் நிறைந்துள்ளன. உறையில் இலைப்படம் இருப்பதால் மட்டும் உள்ளிருக்கும் பொருள் தீங்கற்றதாகிவிடாது. ஒரு துளி எலுமிச்சை மணத்தைச் சேர்த்து, எஞ்சியதெல்லாம் பழைய பொருளாகவே இருப்பதும் உண்டு. வள்ளுவர் அகத்தூய்மையை வாய்மையோடு இணைத்தது ஈண்டு நினைவுகூரத்தக்கது. பொருளைச் செய்வோர்க்கும் விற்போர்க்கும் இவ்வாய்மை வேண்டும். அளவையில் குறைத்தலைக் கண்டிக்கும் திருக்குர்ஆன் நெறி, பொய்ப்பெயர் சூட்டி விற்பதற்கும் பொருந்தும்.

இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடும் எனக் கருதுதலும் தவறு. பூந்திக்கொட்டையின் சப்போனின் மீன்களுக்கு நஞ்சாகும். அத்தகைய காய்களை நசுக்கி நீரிலிட்டு மீன்களை மயங்கச் செய்து பிடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்துள்ளது. சப்போனின் விரைவில் சிதைந்துவிடும் என்பது ஆறுதல். எனினும் அதனையும் நேரே குளத்தில் ஊற்றலாகாது. தோட்டத்து மரத்தடியில் ஊற்றுவதே தக்கது.

நம் நடுவணரசு 1991ஆம் ஆண்டில் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களுக்கு ‘எக்கோமார்க்’ என்னும் முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் சின்னமாக மண்பானை தேர்ந்தெடுக்கப்பட்டது. சோப்பும் சலவைத்தூளும் அத்திட்டத்துள் அடங்கிய பொருள்களே. மக்கள் கேட்டு வாங்காமையால் முத்திரை பெற முன்வந்த நிறுவனங்கள் மிகச் சிலவே. 2024இல் அத்திட்டத்திற்குப் புதிய விதிகள் வெளியிடப்பட்டன. வாங்குவோர் கேட்டால்தான் விற்போர் மாறுவர். ஆகவே, உறையைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படிப்பதும், பாஸ்பேட்டு உண்டா என வினவுவதும், தேவையான அளவுக்கு மேல் தூளைக் கொட்டாமையும் நம் கடமைகளாகும். நுரை மிகுந்தால் தூய்மை மிகும் என்பது வெறும் பழக்கத்தால் வந்த நம்பிக்கை. நுரை மிகுந்தால் அலசும் நீரே மிகும்.

நீரின் அளவு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு அது. ஏறத்தாழ முக்கால் லிட்டர் எனலாம். ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்னும் கருத்தமைந்த நபிமொழி இப்னுமாஜாவின் தொகுப்பில் உள்ளது. ஆறு வற்றிவிடும் என்னும் அச்சத்தால் கூறப்பட்டதன்று அது; நீரைப் பயன்படுத்துவோனின் உள்ளத்தை நோக்கிக் கூறப்பட்டது. வழிபாட்டுக்கே இவ்வளவு சிக்கனம் கூறப்பட்டிருக்க, ஒரு வாளித் துணியை அலச ஐந்து வாளி நீர் கொட்டுவதற்கு நாம் என்ன விடை கூற இயலும்?

துணி அலசிய கடைசி நீரைத் தரை கழுவவும், காய்கறி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றவும், பள்ளிவாசல் ஹவுழிலிருந்து வழியும் உளூ நீரைத் தென்னைக்குத் திருப்பவும் பெருஞ்செலவு ஏதுமில்லை. உளூ நீரில் சோப்பு கலவாதாதலால் அது மரங்களுக்கு மிகவும் ஏற்றது. மாணவர் விடுதிகளிலும் பள்ளிவாசல்களிலும் இதனைத் தொடங்கினால் ஊரார் கண்டு பின்பற்றுவர்.

முடிவுரை

வீட்டைத் தூய்மை செய்யும் பொருள்களின் வரலாற்றைக் காணுமிடத்துச் சில உண்மைகள் புலனாகின்றன. களர்மண்ணும் சாம்பலும் இலந்தையும் பூந்திக்கொட்டையும் தமிழர்க்கும் அரபியர்க்கும் தூய்மை தந்தன. செயற்கைப் பொருள்கள் உழைப்பைக் குறைத்தன. உடன் நீர்நிலைகளைக் கெடுத்தன. பழமை முழுவதும் நன்றென்றோ புதுமை முழுவதும் தீதென்றோ கொள்ளாது, ஒவ்வொரு பொருளும் எவ்வாறு செயற்படுகிறது, பின்னர் எங்கே செல்கிறது என ஆராய்ந்து ஏற்பதே கற்றோர்க்கு அழகு.

கழுவும் பொருள் வீட்டுக்குள் செய்யும் வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். வீட்டுக்கு வெளியே அதன் பயணம் நீண்டது. அப்பயணத்தின் முடிவில் நிற்கும் உழவரையும், குடம் ஏந்திய பெண்ணையும், நீர்வாழ் உயிர்களையும் எண்ணிப் பார்ப்பவரின் தூய்மையே முழுமையுடையது. மாணவச் செல்வங்கள் இதனைத் தத்தம் வீட்டின் அடுப்படியிலிருந்தே தொடங்குவார்களாக! ஊர்ப் பெரியோர் பள்ளிவாசல்களில் வழிகாட்டுவார்களாக! தூயோரை நேசிக்கும் வல்ல இறைவன், நம் இல்லங்களையும் நம் நீர்நிலைகளையும் ஒருங்கே தூயனவாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.